கிளி போட்ட கவுன்

இல்ல மேடம், கையில அடியெல்லாம் ஒன்னும் படல. நான் இப்படித்தான் உக்காருவேன், வலது கையை உடம்போட ஒட்டி வெச்சுக்கிட்டு. பழகிப்போச்சு. நீங்க நான் வேலைக்கு எழுதிக் குடுத்த பேப்பரப் பாருங்க. படிப்பு அஞ்சாவதுதான். அதுலயும் அஞ்சாவது ரெண்டு தடவ. அப்ப ஆறுன்னு எழுதலாமாண்ணேன்னு வாசல்ல செக்யூரிட்டி அண்ணன்கிட்ட கேட்டேன், அவரு சிரிச்ச சிரிப்புல உங்க கதவு தானா தொறந்துக்கிச்சு.

அனுபவமா? துணிக்கடையில நின்னதில்ல. ஆனா துணியோடதான் பன்னெண்டு வருஷமா குடும்பம் நடத்தறேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல லாண்டிரி இருக்கில்ல, அங்க இஸ்திரி போடறேன். என் வீட்டுக்காரர் பெயிண்டரு. அவரு மூஞ்சியப் பாத்த நேரத்தவிட ஊராரு சட்டைக் காலரப் பாத்த நேரம்தான் ஜாஸ்தி. இப்ப முதலாளி ஒரு மெஷின் வாங்கிட்டாரு. இந்தப் பக்கம் கசங்கலா போடறாங்க, அந்தப் பக்கம் புது நோட்டாட்டம் வருது. எனக்கு இந்த மாசத்தோட சரி. மெஷினு டீ கேக்காது, வாயாடாது. என்கிட்ட அது ரெண்டும் கொஞ்சம் ஓவரு. அதான், உங்க கண்ணாடியில ஆள் தேவைன்னு ஒட்டியிருந்தத பாத்துட்டு ஓடியாந்தேன். இந்த வேலை கெடைக்கலன்னா வீட்டுல ஒத்தச் சம்பளம் மேடம். பெயிண்டருக்கு மழை வந்தா அதுவும் கெடையாது.

டிரஸ்ஸா? கண்டுபிடிச்சிட்டீங்களே! ஆமா, உங்க கடைக் கிளிதான். அந்த நடிகை விருது வாங்கப் போனப்ப உடம்பு பூரா பச்சக்கிளியா போட்டிருந்தாங்களே, அதே மாதிரி. அவங்களுது ஆர்டர் குடுத்து தெச்சது. அத ரெண்டே வாரத்துல எங்கள மாதிரி ஆளுங்களுக்கும் மாட்டி விட்டீங்க பாருங்க, அதுக்கே உங்களக் கூப்பிட்டு ஒரு விருது குடுக்கணும். அவங்க கிளி பட்டுல பறக்குது, நம்ம கிளி பாலியஸ்டர்ல பறக்குது. கிளிக்கு என்ன தெரியும்?

ஆனா ஒன்னு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது. கீழ கண்ணாடிக்குள்ள பொம்மைக்கு இதே கவுன மாட்டி பெல்ட்டு கட்டியிருக்கீங்களே, அது தப்பு. நாலு கிளிக்கு கழுத்த நெரிக்குது மேடம், ரோட்டுல போறவங்களுக்கே பாவமா இருக்கு. பெரிய டிசைன்னா குறுக்க ஒன்னும் வரக்கூடாது. விட்டுடணும், அது பாட்டுக்குப் பறக்கும். கால்ல ஒரு வெள்ளச் செருப்பு, காதுல பெருசா ஒன்னு, கழுத்துல ஒன்னும் வேணாம். அவ்வளவுதான், நடிகை. கைக்கு கெடச்சதெல்லாம் மாட்டினா சர்க்கஸ்.

எங்க கத்துக்கிட்டேனா? எங்கயும் இல்ல, கண்ணுதான். எங்க நாத்தனா ஒருத்தி இருக்கா, ஆபீஸ்ல வேல. சாம்பக் கலர் தவிர வேற கலரு உலகத்துல இருக்கறதே அவளுக்குத் தெரியாது. மழைக்காலத்துல நான் கொடை கொடையா போட்ட டிசைன்ல போய் நின்னேன். வெயில் வந்ததும் எலுமிச்சம்பழம், ஒவ்வொன்னும் இந்தா, இம்மாம் பெருசு. என்ன அண்ணி, உங்களப் பாத்தாலே தாகம் எடுக்குதேன்னா. உன்னப் பாத்தா மேகம் கட்டுதுடி, இரு, கொடியில துணி கெடக்கு எடுத்துட்டு வந்துடறேன்னேன். மூஞ்சத் தூக்கிட்டுப் போனவ, மூணாம் நாளு போன் பண்ணி, மெதுவா, எந்தக் கடைங்கறா! இங்கதான் வந்து வாங்கினா. அவ மட்டுமா, பஸ்ல ஒரு டீச்சரு, லாண்டிரிக்கு வர்ற நர்ஸம்மா, அவங்க தங்கச்சி. எல்லாரையும் நான்தான் அனுப்பினேன்.

போட்டோவா? போன்ல இருக்கே, பாருங்க. இது கொடை, இது எலுமிச்சை, இது பெரிய சிவப்புப் பூ. ஆமா, எல்லாத்துலயும் வலது கை ஒட்டித்தான் இருக்கு. எங்க மாமியாரு இதப் பாத்துட்டு வாதமாக்கும்னு பயந்து ஒரு பாட்டில் தைலமே வாங்கியாந்துட்டாங்க. பதினஞ்சு நாளு தேச்சாங்க பாவம். நானும் சும்மா இருந்தேன், சொகமா இருந்துச்சு.

என்ன சொன்னீங்க? ரிட்டர்ன் கவுண்டர்லயும் உக்காரணுமா? உக்காருவேனே. ஆமா, பாத்தேன், செவுத்துல பெருசா ஒட்டியிருக்கீங்க, போட்ட துணியத் திருப்பி வாங்க மாட்டோம்னு. யாரோ ஒரு பொம்பள வருஷம் பூரா இதையே பண்றாளா? வாங்கறது, போடறது, கெடு முடியற அன்னைக்குக் கொண்டாந்து குடுத்துடறது? அடிப்பாவி! டேக்குகூட அறுக்காமலா? மடிப்பு புதுசு மாதிரியேவா? வேர்வ வாசமே இல்லயா? கெட்டிக்காரிதான். உள்ள ஒரு பனியன் போட்டிருப்பா மேடம். அப்புறம் ஆவி மட்டும் காட்டி, மேல ஒரு வெள்ளத்துணி விரிச்சு, லேசா ஒரு தேய்ப்பு. சும்மா, எனக்குத் தோணுறத சொல்றேன்.

பிடிச்சா போலீசுக்குச் சொல்லுவீங்களா? ஓ.

இருங்க மேடம், அவசரப்படாதீங்க. ஒன்னே ஒன்னு யோசிங்க. கொடை டிசைனு எப்ப தீந்துச்சு? அவ போட்டுக்கிட்டு ஊரச் சுத்தின வாரம். எலுமிச்ச? அதே கதைதான். உங்க பொம்ம கண்ணாடிக்குள்ளயே நிக்குது, அதுவும் கழுத்த நெரிச்சுக்கிட்டு. இவ பஸ்ல ஏறுறா, நாலு தெரு நடக்கறா, எங்க வாங்கினதுன்னு கேட்டா வழியும் சொல்றா. சம்பளமும் கேக்கல. நானா இருந்தா அவளப் பிடிக்க மாட்டேன், வேலைக்கு வெச்சுக்குவேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

சரி, மேஜ மேல கத்திரிக்கோல் இருக்கே, எடுங்க. பயப்படாதீங்க, உங்க கையிலயே இருக்கட்டும். இப்ப வலது கையத் தூக்கறேன். தெரியுதா? அக்குள் தையல்ல தொங்குதே, உங்க கடை டேக்குதான். வருஷம் பூரா குத்திக் குத்தி அந்த எடமே காச்சுப்போச்சு.

கொடை, எலுமிச்ச, பூ, எல்லாம் போட்டாச்சு மேடம். ஒன்னுகூட என் பீரோவுல இல்ல. தொறந்தா நாலு நைட்டியும் லாண்டிரிக் கோட்டும்தான். இந்தக் கிளிய மட்டுமாவது வெச்சுக்கணும்னு தோணுச்சு. மொத சம்பளத்துல பிடிச்சுக்கிறதுன்னா, இதுக்குக் கட்டின காச இன்னைக்கே திருப்பிக் குடுங்க, வீட்டு வாடகைக்கு வெச்சது. கெடு இன்னைக்குச் சாயங்காலத்தோட முடியுது. பில்லு பையில இருக்கு, மாத்துத் துணியும் இருக்கு. வேலை இல்லன்னா ஒரு வார்த்த சொல்லிடுங்க, டிரையல் ரூம்ல மாத்திக்கிட்டு கீழ வரிசையில போய் நிக்கறேன். வேலை உண்டுன்னா நீங்களே உங்க கையால...

என்ன மேடம், எந்திரிச்சு கிட்ட வர்றீங்க? ஐயோ, மெதுவா, மெதுவா. டேக்க மட்டும் வெட்டுங்க, கிளிய வெட்டிடாதீங்க. அங்க கூசுது மேடம்!