இருட்டறையில் நீல வளையம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை ஐயா. என் பெயர் தம்பிதுரை. கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக உதவியாளன். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து பஸ் ஓடாத நாளில்கூட சைக்கிளை மிதித்து நேரத்துக்கு வந்துவிடுவேன்.

எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை அளக்கும் கருவி ஒன்று எங்களிடம் உண்டு. இரண்டு பெரிய கம்பிச்சுருள்கள், நடுவில் பூசணிக்காய் அளவில் ஒரு கண்ணாடிக் குடுவை. இருட்டறையில் கரண்ட் கொடுத்தால் குடுவைக்குள் நீலமாக ஒரு வளையம் தெரியும். அதன் விட்டத்தை அளந்து கணக்குப் போட வேண்டும்.

தொண்ணூற்றொன்றில் நான் தூசி துடைக்கும்போது குடுவையின் கழுத்தில் கீறல் விழுந்தது. உள்ளே காற்று புகுந்தால் அவ்வளவுதான், வளையம் வராது. சொன்னால் வேலை போய்விடும். பசை வைத்து ஒட்டினேன், அப்படியும் வளையம் வரவில்லை. மறுநாள் மாணவர்களிடம், "இருட்டுக்குக் கண்ணு பழகோணும் சாமி, உத்துப் பாருங்க" என்றேன். முதல் பையன் தெரிகிறது என்றான். அப்புறம் தெரியவில்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? எல்லோருக்கும் தெரிந்தது. அளவுகளை நானே சீட்டில் எழுதிக் கொடுத்தேன், ஆளுக்கு ஒரு புள்ளி முன்னே பின்னே. விடை பிசகாமல் வந்தது. ஆசிரியர்கள் எட்டிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள். ஆறு வருடம் இப்படியே ஓடியது. ஒரு நாளும் நான் நிம்மதியாகத் தூங்கவில்லை.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர் வெங்கடலட்சுமி மேடம் அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தார்.

"ஏனுங்ண்ணா, எனக்கு ஒண்ணுமே தெரியலீங்களே."

"கொஞ்சம் பொறுங்க மேடம், தெரியுமுங்க."

"இல்லீங்ண்ணா. குடுவை போயிருச்சாட்ட இருக்குது. திங்கக்கெழம ஒருக்கா போட்டுப் பாத்துட்டு நானே கழட்டிப்போடறனுங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். கழற்றினால் கீறல் தெரியும், பசை தெரியும், ஆறு வருடத்து நோட்டெல்லாம் பொய் என்று தெரியும்.

அவரைப் பயமுறுத்த மட்டுமே நினைத்தேன் இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு சின்ன ஷாக் அடித்தால் அந்தப் பக்கமே வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை போய், கருவிக்குக் கரண்ட் கொடுக்கும் மின்பெட்டியின் எர்த் வயரை எடுத்துவிட்டு, கரண்ட் வயரைத் தகரத்தில் படும்படி வைத்தேன். திங்கள் காலை மேடம் பெட்டியில் கை வைத்துக்கொண்டு, "சுவிட்சைப் போடுங்ண்ணா" என்றார். போட்டேன். மறுபடி "அண்ணா" என்று ஒரு குரல் வந்தது. நான் உடனே அணைக்கவில்லை. பயமாக இருந்தது.

நான் கெட்டவன் இல்லை. அவர் சாவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். ஆமாம், கம்ப்யூட்டர் ரூம் வாசலில் தொங்கிய 'செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்' அட்டையை அன்று காலை இருட்டறைக் கதவுக்கு மாற்றியது நான்தான். தரையை ஈரத்துணியால் துடைத்து, அது காய்வதற்குள் அவரைக் கூப்பிட்டதும் நான்தான்.