காத்திருப்போர் காதில் ஒலி அறாது காத்த வெர்னா டோலெஃப்ஸன் அவர்களுக்கு

கூஸ் க்ரீக் மின் கூட்டுறவுச் சங்கத்தின் தொலைபேசியை இருபத்தொன்பது ஆண்டுகள் கட்டிக் காத்து, இன்று விடைபெறும் வெர்னா அவர்களே! காத்திருப்போர் காதுக்குக் காவலே! கரன்ட் போன வீட்டுக்குக் கடைசித் துணையே! வணக்கம்.

லைன்மேன்களாகிய நாங்கள் யாரையும் லேசில் நம்புவதில்லை. நீங்கள் எங்களையும் மிஞ்சியவர். போனில் காத்திருப்போருக்கான பாட்டு எதுவாயினும், அதை ஒற்றை ஒலித்தட மோனோவாக்கி, அடித்தொனியை அறுத்து, மெல்லொலியை மேலேற்றி, போன் எந்திரம் ஏற்கும் வடிவுக்கு மாற்றுவீர்கள். மாற்றிய பின்னும் நம்பாமல், கார் நிறுத்துமிடத்துப் பனியில் நின்று, சொந்தப் போனில் சங்கத்தைக் கூப்பிட்டுக் கேட்பீர்கள். "பாட்டுப் போடறதுக்கு ஒரு ஆளா?" என்று சிரித்தோம். கீழே கையெழுத்திட்டவர்களில் சிரிக்காதவர் ஒருவருமில்லை.

போன டிசம்பரில் நீங்கள் இரண்டு நாள் விடுப்பில் போக, மேலாளர் கர்ட்டிஸ் தம் தேவாலயப் பாடகர்களின் பாட்டை வடிவு மாற்றாமல் அப்படியே ஏற்றிவிட்டார். ஒவ்வாத ஃபைலைக் கொடுத்தால் அந்த எந்திரம் குறை சொல்லாது, ஊமையாகிவிடும். நீங்கள் திரும்ப வேண்டிய நாளில், பட்டதும் பனிக்கட்டியாகும் உறைமழையில் கம்பங்கள் சாய்ந்தன. கூப்பிட்டவர்கள் சத்தமில்லாததால் லைன் செத்துவிட்டதென்று வைத்துவிட்டார்கள். எங்கள் சங்க உறுப்பினர் ஆர்லிஸ் நைகார்டும் மூன்று முறை வைத்தார். அவர் கணவர் டெல்மருக்கு ஆக்ஸிஜன் எந்திரம் நின்று, மாற்று உருளையில் ஒரு மணி நேரமே மிச்சம். நாங்களோ போக வேண்டிய வீடு தெரியாமல் வண்டியில் குந்தியிருந்தோம்.

நீங்கள் திரும்பி வந்தீர்கள், வெளியே நின்று கூப்பிட்டீர்கள், உள்ளே ஓடினீர்கள்.

"என் கம்ப்யூட்டர்ல கணீர்னு பாடுச்சே, வெர்னா!" என்றார் கர்ட்டிஸ்.

"உன் கம்ப்யூட்டரா கரன்ட் போச்சுன்னு போன் பண்ணுது? எழுந்திரு, நாற்காலிய விடு."

ஒன்பதே நிமிடத்தில் பாட்டை மாற்றி ஏற்றினீர்கள். நான்காம் முறை கூப்பிட்ட ஆர்லிஸ், பாட்டுக் கேட்கிறதே என்று பதினோரு நிமிடம் வைக்காமல் நின்றார். முகவரி எங்களுக்கு வந்தது. உருளை தீருமுன் அந்த வீட்டில் கரன்ட் வந்தது.

அஞ்சாத நெஞ்சும் அயராத செவியும் உடையவரே! நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு வாழ்க!

இவ்விழாவுக்கு டெல்மரை அழைத்தபோது, "வர்றேன்ப்பா. பேச மட்டும் சொல்லாதீங்க, மூச்சு வாங்கும். முன்னாடி ஒரு நாற்காலி போடுங்க, போதும்," என்றார்.

போட்டிருக்கிறோம். உட்கார்ந்திருக்கிறார். அதைவிடப் பெரிய பாராட்டு எங்களுக்கு எழுத வராது.

இப்படிக்கு,
கூஸ் க்ரீக் லைன்மேன்கள், அலுவலகத்தார், மேலாளர் கர்ட்டிஸ் உட்பட