எந்த வீட்டு ஹாலிஸ்?

க்ளெண்டா: நான் குழந்தைக்குப் பேர் கேட்டேன் மேகன். நீ ஏதோ வக்கீல் ஆபீஸ் போர்டைப் படிக்கற மாதிரி சொல்றே.

மேகன்: ஹாலிஸ், அத்தை. உங்க பேத்தி பேரு ஹாலிஸ். நல்லாத்தானே இருக்கு?

க்ளெண்டா: அது வீட்டுப் பேரும்மா. குடும்பத்துக்கு இருக்கற பேரு. அதைப் போய் யாராவது பொட்டப் பிள்ளைக்கு வைப்பாங்களா?

மேகன்: இப்ப எல்லாரும் அப்படித்தான் வைக்கறாங்க. போன்ல பேர் லிஸ்ட் பாத்துத்தான் எடுத்தேன். என்கூட வேலை பாக்கறவ பொண்ணு காலின்ஸ். பக்கத்து ரூம்ல நேத்து பொறந்தது சட்டன். அதுவும் பொண்ணுதான்.

க்ளெண்டா: பாவம் அந்தப் பிள்ளை.

மேகன்: யூட்டால எங்க சித்தி பொண்ணு இருக்காளே, அவ பொண்ணு பாமர்.

க்ளெண்டா: காலின்ஸ், சட்டன், பாமர்... மூணையும் சேர்த்து வாசல்ல மாட்டிப் பாரு. பத்திரம் எழுத ஆள் வந்து நிப்பாங்க.

மேகன்: சிரிக்க வைக்காதீங்க அத்தை, தையல் இழுக்குது.

க்ளெண்டா: நான் சிரிக்கறதுக்குச் சொல்லல. ஸ்கூல்ல முதல் நாள் டீச்சர் பேரைப் படிப்பா. பையன்னு நினைச்சு பையன்கள் வரிசையில நிறுத்துவா. அது அழுதுட்டு வரும். அன்னிக்கு என்ன பண்ணுவே?

மேகன்: அதெல்லாம் டீச்சருக்கு இப்ப பழகிடுச்சு. என் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. எங்க வகுப்புல நாலு மேகன். மேகன் பி, மேகன் எஸ், குட்டை மேகன்...

க்ளெண்டா: நீ எது?

மேகன்: குட்டை மேகன்.

க்ளெண்டா: அதனால பிள்ளைக்கு ஆம்பளைப் பேரா?

மேகன்: ஆம்பளைப் பேர் இல்ல. ரெண்டு பேருக்கும் பொது. நாளைக்கு வேலைக்கு எழுதிப் போட்டா, படிக்கறவனுக்கு ஆணா பொண்ணான்னு தெரியாது. கூப்பிட்டுப் பேசிட்டுத்தான் முடிவு பண்ணுவான்.

க்ளெண்டா: பொறந்து ரெண்டு நாள் ஆகல, அதுக்குள்ள அவளை வேலைக்கு அனுப்பறா இவ. கரோலின்னு வையேன். எவ்வளவு அழகா இருக்கு. இல்ல, ரூத். இல்ல, உங்க அம்மா பேரு... நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்.

மேகன்: எங்க அம்மாவே தப்பா நினைப்பாங்க. அவங்களுக்கு அவங்க பேர் பிடிக்காது.

க்ளெண்டா: சரி, வீட்டுப் பேர்தான் வேணும்னா உன் பிறந்த வீட்டுப் பேரை வை. எங்க பக்கம் ரொம்ப நாளா அப்படித்தான். அம்மா பிறந்த வீட்டுப் பேரைப் பிள்ளைக்கு முதல் பேரா வைக்கறது. மரியாதை அது. நானே போர்வையில எம்ப்ராய்டரி போட்டுத் தரேன்.

மேகன்: ஸ்வென்ஸ்ருட்.

க்ளெண்டா: என்னது?

மேகன்: எங்க பிறந்த வீட்டுப் பேரு. உங்க வீட்டுப் பேரோட சேத்து ஸ்வென்ஸ்ருட் டில்மன்னு வைக்கலாமா?

க்ளெண்டா: ...சரி, அது வேண்டாம்.

மேகன்: அதான்.

க்ளெண்டா: மேகன், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. உங்க ஊர் மினசோட்டால எப்படியோ எனக்குத் தெரியாது. இந்த ஊர்ல ஒரு பொண்ணு பேரு ஹாலிஸ்னா, அவளுக்கு ஹாலிஸ் வீட்டு ரத்தம்னு அர்த்தம். அம்மா வழியிலயோ, பாட்டி வழியிலயோ. பாக்கறவங்க எல்லாம் முதல்ல அதைத்தான் கேப்பாங்க. போன்ல லிஸ்ட் பாத்தேன், அழகா இருந்தது, வெச்சுட்டேன்னு சொன்னா... எவ நம்புவா?

மேகன்: நம்பாட்டி போகட்டும்.

க்ளெண்டா: உனக்கு என்ன. நீ சொல்லிடுவே.

மேகன்: நின்னுக்கிட்டே பேசறீங்களே அத்தை. உக்காருங்க.

க்ளெண்டா: நான் நிக்கறேன். வெஸ்லி எங்க? பேர் வைக்கறதுல பெத்த அப்பனுக்கு ஒரு வார்த்தை கிடையாதா?

மேகன்: அவரும் மாமாவும் கீழ குழந்தை சீட்டைக் கார்ல மாட்டறாங்க. அது இல்லாம ஆஸ்பத்திரி வெளிய விடாது.

க்ளெண்டா: ஒரு மணி நேரமாவா? இவ்வளவு நேரத்துல ஒரு ட்ராக்டரையே பிரிச்சு மாட்டியிருப்பார் அவர்.

மேகன்: வந்துடுவாங்க.

க்ளெண்டா: வரதுக்குள்ள மாத்திடு. அவர் காதுல இந்தப் பேர் விழவே வேண்டாம்.

மேகன்: யார் காதுல? மாமா காதுலயா? ஏன்?

க்ளெண்டா: ஏன்னா... அவருக்குப் புதுசெல்லாம் பிடிக்காது. இரு, யாரோ கதவைத் தட்டறாங்க.

டோனா: வரலாமா? பொறப்புப் பதிவு ஃபார்ம் வாங்க வந்தேன்... அட, க்ளெண்டா. உன் பேத்தியா இது? சர்ச்சுல சொன்னாங்க. எவ்வளவு முடி, பாரேன்.

க்ளெண்டா: நீ ஆஸ்பத்திரி ஆபீஸ்லயா வேலை பாக்கறே டோனா?

டோனா: போன வருஷத்துலேர்ந்து. குடும்மா ஃபார்மை. கையெழுத்து போட்டாச்சா... இல்லையா, பரவால்ல. ஹாலிஸ்... மேரி... டில்மன். ஹாலிஸா? நீ எந்த ஹாலிஸ் வீட்டுப் பொண்ணும்மா?

மேகன்: நான் மினசோட்டாங்க.

டோனா: அப்ப டில்மன் பக்கம் ஹாலிஸ் ஏது?

மேகன்: சும்மா பிடிச்சது, வெச்சோம்.

டோனா: சும்மாவா. எனக்குத் தெரிஞ்சு இந்த வட்டாரத்துல ஹாலிஸ்னு பாக்கி இருக்கறது ஆத்து ரோட்டுல ஐடா கிழவி ஒருத்திதான். ஒரே பிள்ளை, டேனி. எண்பத்தேழுல லாரி மோதி... ஏன் க்ளெண்டா, நீ அப்ப டேனிகூட...

க்ளெண்டா: பக்கத்து ரூம் ஃபார்மை வாங்கிட்டியா டோனா? அவங்க கிளம்பிட்டு இருந்தாங்களே.

டோனா: கிளம்பிட்டாங்களா? சரி, கால் மணியில வரேன். அதுக்குள்ள கையெழுத்து போட்டு வைம்மா. உள்ள போயிட்டா அப்புறம் பேர் மாத்த கோர்ட்டுக்கு அலையணும். க்ளெண்டா, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எல்லாருக்கும் குடுக்கற தாளை இந்த வாரம் நான்தான் அடிக்கறேன். பேத்தி பேரை முதல்ல போட்டுடறேன்.

மேகன்: ரொம்ப நன்றிங்க.

க்ளெண்டா: கதவு சாத்தியிருக்கா பாரு.

மேகன்: சாத்தியிருக்கு அத்தை.

க்ளெண்டா: பாத்தியா? சொன்னேனா இல்லையா? உள்ள வந்து ஒரு நிமிஷம் ஆகல, எந்த ஹாலிஸ்னு கேட்டுட்டா. மதியத்துக்குள்ள பியூட்டி பார்லர்ல உக்காந்து ஊருக்கே சொல்லிடுவா. ஞாயித்துக்கிழமை அத்தனை பேரும் அந்தத் தாளைக் கையில வெச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பாப்பாங்க.

மேகன்: டேனி யாரு அத்தை?

க்ளெண்டா: யாரோ. செத்துப் போனவன்.

மேகன்: அவங்க உங்களைப் பத்தி என்னமோ சொல்ல வந்தாங்க.

க்ளெண்டா: அவ வாய்க்கு வேலை என்ன. அந்த ஃபார்மை இப்படிக் குடு. கரோலின்னு எழுதுவோம். பிள்ளை முகத்துக்கும் கரோலின்தான் பொருந்துது. கெஞ்சிக் கேக்கறேன் மேகன்... இதுவரைக்கும் உன்கிட்ட எதாவது கேட்டிருக்கேனா?

மேகன்: இல்ல.

க்ளெண்டா: சமையலைக் குறை சொல்லியிருக்கேனா?

மேகன்: ஒரு தடவை. பீன்ஸ் வேகலன்னு.

க்ளெண்டா: அது வேகல.

மேகன்: அத்தை... மாத்தறேன். நீங்க சொன்னா மாத்திடறேன். ஆனா காரணம் டீச்சரும் இல்ல, டோனாவும் இல்லன்னு தெரியுது. என்னன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க.

க்ளெண்டா: ...பிள்ளை தூங்கறாளா?

மேகன்: நல்லாத் தூங்கறா.

க்ளெண்டா: இவ எடை எத்தனை பவுண்டு?

மேகன்: ஏழு. ஏழும் சில்லறையும்.

க்ளெண்டா: நாள் முழுசா ஆகிப் பொறந்தவ. ஏழு. வெஸ்லி ஏழு மாசத்துலயே பொறந்துட்டான்னு உன்கிட்ட சொல்லியிருக்கேன் இல்ல?

மேகன்: ஆமா. பயந்து போயிட்டோம்னு சொன்னீங்க.

க்ளெண்டா: எட்டரை பவுண்டு இருந்தான்.

மேகன்: ஏழு மாசத்துல எட்டரையா? இவளை விடப் பெரிசா?

க்ளெண்டா: ஊர்ல எல்லாரும் கல்யாணத்துலேர்ந்து மாசத்தை விரல் விட்டு எண்ணிப் பாத்தாங்க. எங்க அம்மா, எங்க வீட்டுல எல்லாப் பிள்ளையும் பெரிசாத்தான் பொறக்கும்னு சொல்லிச் சமாளிச்சாங்க. நான் வாயே திறக்கல.

மேகன்: டேனியா?

க்ளெண்டா: நவம்பர்ல கல்யாணம் வெச்சுக்கலாம்னு இருந்தோம். ஆகஸ்ட்ல போயிட்டான். அவன்கிட்ட சொல்லி நாலு நாள்தான் ஆகியிருந்தது... சந்தோஷப்பட்டான். சந்தோஷம்னா, வண்டிச் சாவியை எங்கயோ வெச்சுட்டு அன்னிக்குப் பூரா தேடினான்.

மேகன்: மாமா எப்படி...

க்ளெண்டா: லாயிட் அவனோட சிநேகிதர். சாவுக்கு வந்தார். அடுத்த நாளும் வந்தார். தினம் வந்து எங்க வீட்டு வராண்டால தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பார், ஒண்ணும் பேச மாட்டார். ஆறாவது வாரம் கல்யாணம். ஏன் அவ்வளவு அவசரப்பட்டாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நான் எதுவும் கேக்கல. எனக்கு அப்ப யாராவது கையைப் பிடிச்சா போதும்னு இருந்தது.

மேகன்: அவர்கிட்ட சொல்லவே இல்லையா?

க்ளெண்டா: கல்யாணத்தன்னிக்கே சொல்லிடணும்னு நினைச்சேன். அப்புறம், பிள்ளை பொறக்கட்டும்னு நினைச்சேன். அப்புறம் பல்லு முளைக்கட்டும், நடக்கட்டும், ஸ்கூல் போகட்டும்... வெஸ்லியைத் தோள்ல தூக்கிக்கிட்டு மேய்ச்சல் நிலம் பூரா சுத்துவார். அதைப் பாத்துட்டு எந்த வாயால சொல்றது? முப்பத்தெட்டு வருஷம் ஆயிடுச்சு.

மேகன்: ம்.

க்ளெண்டா: மாட்டுக்கு சினை நாள் எண்ணறதே தொழிலா இருக்கற மனுஷன். எப்பவாவது உக்காந்து என்னை எண்ணிடுவாரோன்னு வருஷம் பூரா பயம். சனிக்கிழமையானா ஐடா கிழவி வீட்டுப் புல்லை வெட்டப் போவார். அந்தக் கூடத்துல டேனி போட்டோ மாட்டியிருக்கும். வெஸ்லி நெத்தி அப்படியே அதுல... அவர் திரும்பி வந்து பூட்ஸைக் கழட்டற வரைக்கும் நான் சமையல்கட்டுல நின்னு முகத்தையே பாப்பேன். ஒண்ணுமே இருக்காது. ஐஸ் டீ கேப்பார்.

மேகன்: அழாதீங்க அத்தை.

க்ளெண்டா: நான் அழல. ஊரு பேசினா பேசிட்டுப் போகட்டும், அது எனக்குப் பழக்கம்தான். இவர் ஒரு நாளைக்கு இருபது தடவை அந்தப் பேரைச் சொல்லி இவளைக் கூப்பிடணும் மேகன். ஒரு தடவை உறைக்கும். என்னைத் திரும்பிப் பாப்பார் பாரு... அதை என்னால தாங்க முடியாது. எழுது. கரோலின். வெஸ்லிக்கும் தெரிய வேண்டாம், அவனுக்கு அப்பான்னா உயிர்.

மேகன்: எழுதறேன். ஆனா அதுக்கு முன்னாடி நான் சொன்ன பொய்யைச் சொல்லிடறேன்.

க்ளெண்டா: நீ என்ன பொய் சொன்னே?

மேகன்: லிஸ்ட்ல பாத்து எடுத்தேன்னு சொன்னது. எனக்குப் பிடிச்ச பேர் மார்கரெட்.

க்ளெண்டா: மார்கரெட்டா? அப்ப காலின்ஸ், பாமர்னு இவ்வளவு நேரம்...

மேகன்: அவங்கள்லாம் நிஜம்தான். எனக்கும் சகிக்கல. கிறிஸ்துமஸுக்கு என் தம்பி எச்சில் துப்பி அனுப்பற டெஸ்ட் ரெண்டு வாங்கிக் குடுத்தான், ஞாபகம் இருக்கா? பூர்வீகம் எந்த நாடுன்னு சொல்லும்னு. வெஸ்லியும் அனுப்பினாரு. அதோட ரத்த சொந்தக்காரங்க பேர் வரிசையும் வந்தது. அதுல ஒரு டில்மன்கூட இல்ல அத்தை. அட்லாண்டால, அலபாமால... எல்லாம் ஹாலிஸ்.

க்ளெண்டா: கடவுளே... வெஸ்லிக்குத் தெரியுமா?

மேகன்: ஒரு வாரம் சரியா சாப்பிடல. உங்ககிட்ட கேக்க பயம். மாமாகிட்ட மறைக்கவும் முடியல. ஜனவரியில மாட்டுக் கொட்டகையில வெச்சு அவர்கிட்ட சொல்லிட்டாரு.

க்ளெண்டா: லாயிட்கிட்டயா? இல்ல... இல்ல மேகன். ஜனவரியிலேர்ந்தா? அவர் என்கூட உக்காந்து தினம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரே...

மேகன்: இந்தப் பேரை முதல்ல சொன்னதே மாமாதான் அத்தை. டேனிக்கு வேற யாரு இருக்கா, ஐடாம்மா கண்ணை மூடறதுக்குள்ள ஒரு தடவை இந்தப் பேரைச் சொல்லி ஒரு பிள்ளையைக் கூப்பிடட்டும்னாரு. க்ளெண்டா முகம் சுருங்கினா விட்டுடும்மா, வேற எழுதிடு, நான் சொன்னதா மட்டும் சொல்லிடாதேன்னாரு. அதான் ஃபேஷன்னு சொல்லி நான் பழியை ஏத்துக்கிட்டேன்.

க்ளெண்டா: ...அந்த எழுத்தை அடிக்காதே. அப்படியே இருக்கட்டும்.

மேகன்: சரி அத்தை.

க்ளெண்டா: அந்தக் கொட்டகையில... வெஸ்லி சொன்னப்ப அவர் முகம் எப்படி இருந்ததாம்? ரொம்ப உடைஞ்சு போயிட்டாரா?

மேகன்: இல்ல அத்தை. உனக்கு யாரு சொன்னாங்கன்னுதான் வெஸ்லியைக் கேட்டாராம். டேனி சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே மாமாகிட்ட வந்து, நீங்க உண்டாயிருக்கறதை சந்தோஷமா சொல்லிட்டாராம். வயிறு தெரியறதுக்குள்ள கட்டிக்கணும்னுதான் ஆறே வாரத்துல கல்யாணம்... உங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னு.