தீப்பெட்டியை மட்டும் விடவில்லை

வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பேருந்து. எனக்கு முன் இருக்கையில் ஒரு தென்னந்தோப்புக் காவல்காரர். டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கும்போது அவர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் எடுத்துக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, பீடி இருந்தா ஒண்ணு குடுங்களேன். எறங்கிப் பத்த வச்சுக்கிடுதேன்."

"பீடிய விட்டு மூணு மாசமாச்சு, தம்பி. ஆஸ்பத்திரில மருந்து சூயிங்கம் குடுக்காக. லேசாக் கடிச்சு, வெத்தலைய அடக்குத மாதிரி கன்னத்துல அடக்கிக்கிடணும். வாரா வாரம் நர்சம்மா போன் போட்டு விசாரிக்காக."

"பொறவு தீப்பெட்டி எதுக்கு?"

அவர் அதைக் காதருகே குலுக்கிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தார்.

"தோப்புல நான் ஒத்தையிலதான் கெடக்கேன். பாதையில போறவன் தீ கேட்டுத்தான் உள்ள வருவான். பீடி முடியுத வரைக்கும் நின்னு, மழை, மாடு, மக கல்யாணம்னு பேசுவான். தீ இல்லேன்னா எவன் நிப்பான்?"

"அந்தப் பொக பட்டா ஒங்களுக்கு ஆச வராதா?"

"வரும். கொஞ்சம் தள்ளி நின்னுதான் பேசுதேன்."

"டாக்டர்கிட்ட சொன்னீகளா?"

"சொன்னேன். மொதல்ல தீப்பெட்டியத் தூரப் போடுன்னாக. போட்டுட்டா எங்கிட்ட யாருங்கய்யா வருவான்னு கேட்டேன். ஆள் வாரப்ப ஒண்ணு அடக்கிக்கோன்னு இன்னொரு அட்டை சூயிங்கம் சேத்து எழுதுனாக."