பட்டாணி பார்த்த படங்கள்

சின்னக் குழந்தைகளுக்கு என்று டிவியில் போடுகிற நிகழ்ச்சிகளில் முக்கால்வாசி வெறும் கத்தல். உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். பெற்றவர்கள் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள். நான் அப்படி இல்லை. என் மகள் பட்டாணி பார்த்த ஒவ்வொன்றையும் முதலில் நான் பார்த்தேன். வேலை முடிந்து வந்து கால் இரண்டும் மரக்கட்டையாகக் கிடக்கும்போதும், சுவரில் சாய்ந்து கடைசிவரை பார்த்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டாணி என்பது கூப்பிடுகிற பேர். பிறந்தபோது உருண்டையாக, பச்சை நரம்பு தெரிய இருந்தாள். அவள் அப்பா வைத்தது. அவள் நடக்க ஆரம்பிப்பதற்குள் அவர் வீட்டைவிட்டு நடந்துவிட்டார். அவரைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பில்லை.

எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ரத்தமும் மருந்தும் பட்ட விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். பிரித்து, மெஷினில் போட்டு, ஈரத்தோடு தூக்கி, சூடான உருளையில் விட வேண்டும். நனைந்த விரிப்பு பிணக் கனம் கனக்கும். பக்கத்தில் நிற்கிறவள் ஒரு வாயாடி. "நம்ம ரெண்டு பேரையும் இந்த உருளைக்குள்ள விட்டா தட்டையா வெளிய வந்துருவோம்டி. மடிச்சு அலமாரில வச்சிட்டா எந்தத் தொல்லையும் இல்ல" என்பாள். சிரிப்போம். சில நாள் சிரிக்காமலே உருளையைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

ஆரம்பத்தில் பட்டாணியை நாத்தனார்தான் பார்த்துக்கொண்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. வீடு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். தங்கமாகப் பார்த்துக்கொண்டாள், அதில் நான் குறை சொல்லமாட்டேன். ஒரு நாள் சாயங்காலம் கூட்டிவரப் போய் வாசலில் நின்று கையை நீட்டினேன். பட்டாணி என்னைப் பார்த்தாள். பிறகு நாத்தனார் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "அம்மா" என்றாள்.

"அவளுக்கு என்ன தெரியும் அண்ணி. வாய்க்கு வந்ததச் சொல்றா" என்று நாத்தனார் சிரித்தாள்.

"ஆமா, குழந்ததானே" என்றேன் நானும்.

அன்றோடு அங்கே விடுவதை நிறுத்தினேன். நாத்தனாரிடம், கீழ்வீட்டு அம்மா பார்த்துக்கொள்கிறார் என்றேன். கட்டடத்தில் இருந்தவர்களிடம், குழந்தை நாத்தனார் வீட்டிலேயே வளர்கிறாள், லீவு நாளில் மட்டும் கூட்டிவருகிறேன் என்றேன். இரண்டு பக்கமும் நம்பினார்கள். எனக்குப் பொய் சொல்கிற முகம் இல்லை.

வீட்டைச் சுத்தமாக ஒழித்து வைத்தேன். கேஸ் குழாயைக் கழற்றினேன். பிளக் ஓட்டைகளில் டேப் ஒட்டினேன். ஏறி விழுகிற மாதிரி நாற்காலி, ஸ்டூல் எதுவும் இல்லை. ஜன்னலை ஆணியடித்து மூடினேன். தட்டில் ரொட்டி, வாழைப்பழம், மூடி போட்ட கிண்ணத்தில் பால். டிவியை மட்டும் சுவரில் உயரமாக மாட்டச் சொன்னேன். நான் வெளியே பூட்டிக்கொண்டு போனால், திரும்பும்வரை அவளோடு இருக்கப்போவது அது ஒன்றுதான். கண்டதையும் ஓடவிட முடியுமா?

முதலில் பாட்டுகள் போட்டேன், எல்லோரும் போடுகிறார்கள் என்று. பாட்டு வந்தால் குதிக்கிறாள். எங்கள் வீடு மூன்றாவது மாடி. இரண்டாவது மாடியில் இருக்கிற டிரைவர் அண்ணன் படியில் நிறுத்தி, "என்னம்மா, நீ வேலைக்குப் போன பிறகு உன் வீட்டுல யானை நடக்குது" என்றார். எலி, பெருச்சாளி என்று சொல்லிச் சமாளித்தேன். பாட்டு போனது.

பொம்மைகள் பேசுகிற நிகழ்ச்சி ஒன்று நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். அதில் ஒரு கரடி நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கும். யார் வந்திருக்கிறது, சத்தமாகச் சொல்லுங்கள் பார்க்கலாம் என்னும். இவளும் சத்தமாகச் சொன்னாள். அதையும் எடுத்தேன். வேறொன்றில் ஒரு முயல் அம்மா காலையில் கூடையோடு வெளியே போகும், மாலையில் வரும், குட்டிகள் ஓடிவந்து கட்டிக்கொள்ளும். நல்ல கதைதான். ஆனால் அதைப் போட்ட அன்று நான் திரும்பி வந்தபோது பட்டாணி கதவை ஒட்டியே தூங்கிப்போயிருந்தாள். கதவின் கீழ்ப்பக்கமெல்லாம் நகக் கீறல். என்னைப் பிரிந்த ஏக்கத்தைக் கிளறிவிடுகிற நிகழ்ச்சி குழந்தைக்கு ஆகாது. அவளுக்கு வலிக்கக்கூடாது என்றுதான் அதை நிறுத்தினேன்.

செல்போன் கடைக்காரர்தான் பென்டிரைவில் படங்கள் ஏற்றித் தருவார். "எல்லாரும் குழந்தைக்குப் பேச்சு வர்ற மாதிரி வேணும்னு கேக்கறாங்க. நீங்க மட்டும் பேச்சே இல்லாததா கேக்கறீங்களேக்கா. சாமியாராக்கப் போறீங்களா?" என்றார்.

"எனக்குத் தலைவலி தம்பி. நாளெல்லாம் மெஷின் சத்தம்" என்றேன். அது பொய்யும் இல்லை.

அவர் கொடுத்ததில் மீன்கள் இருந்தன, பனி விழுகிற மலை இருந்தது, ஓடுகிற ரயிலின் முன்னால் கேமராவை மாட்டி எடுத்தது இருந்தது. எல்லாம் நல்லவை. பட்டாணி வாயைத் திறந்தபடி பார்ப்பாள். அவற்றோடு ஒரு காட்டுப் படமும் வந்தது. அதில் ஒரு மான்குட்டி. தாய் மேயப் போகும்போது குட்டியைப் புல்லுக்குள் விட்டுவிட்டுப் போகிறது. ஓநாய் வருகிறது, மோந்து பார்க்கிறது, கிட்டத்திலேயே நடக்கிறது. குட்டி காதைக்கூட அசைக்காமல் கிடக்கிறது. ஓநாய் போய்விடுகிறது. தாய் வருகிறது. இதை எடுத்தவனுக்குக் கும்பிடு போட வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடுகிற மாதிரி வெட்டித் தரச் சொன்னேன்.

லீவு நாட்களில் சொல்லிக் கொடுத்தேன். வெளியே போய்க் கதவைத் தட்டுவேன். உடனே அவள் கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் போய்க் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டு மாதிரிதான். குரலை மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஆம்பிளைக் குரலில் அதட்டிப் பார்த்தேன். ஒரு தடவை என் குரலிலேயே, "பட்டாணி, அம்மா வந்திருக்கேன்டா, வா" என்றேன். ஓடிவந்தாள். கையில் ஓர் அடி வைத்தேன். ஓங்கி இல்லை.

"அம்மா தட்டமாட்டா. அம்மாகிட்ட சாவி இருக்கு. தட்டுனா, கூப்பிட்டா, அது ஓநாய். அப்ப நீ யாரு?"

"மானு" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு முறைகூட ஏமாறவில்லை. கெட்டிக்காரி.

பேச்சு கொஞ்சம் குறைந்துபோனது உண்மைதான். இருந்த சொற்களும் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியில் "மானு" என்பதும் நின்றது. ஒரு லீவு நாளில் படியில் பார்த்த டிரைவர் அண்ணன், "பாப்பா பேசவே மாட்டேங்குதே. எங்க வீட்டு வாண்டு இந்நேரம் வாயாலயே பஸ் ஓட்டுது" என்றார்.

"கூச்சம்ணே."

"இவ்வளவு அடக்கமான புள்ளையா. குடுத்து வச்சவம்மா நீ."

எனக்குப் பெருமையாக இருந்தது. நாள் முழுக்கச் செத்து உழைக்கிறவளுக்கு வேறு யார் நல்ல வார்த்தை சொல்கிறார்கள்?

இனி நீங்கள் கேட்ட அந்த மத்தியானம். கட்டடத்தின் கீழே சோபா தைக்கிற கடை. அங்கே பஞ்சு மூட்டைகளில் தீப்பிடித்தது. சலவைக்கூடம் தெருக்கோடியில்தான் இருக்கிறது. செய்தி வந்ததும் ஓடினேன். அதற்குள் டிரைவர் அண்ணன் மாடி மாடியாக ஏறி, எல்லாக் கதவையும் தட்டி, எல்லோரையும் கீழே இறக்கிவிட்டிருந்தார். இருமிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"உன் கதவ ரொம்ப நேரம் தட்டினேன்மா. கதவிடுக்குல டிவி ஓடற வெளிச்சம் தெரிஞ்சுது. உள்ள யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லண்ணே. அணைக்க மறந்துட்டேன்."

"பாப்பா?"

"நாத்தனார் வீட்ல."

"நல்ல வேள" என்று நெஞ்சில் கை வைத்தார்.

அவசரத்தில் வாய் தவறிவிட்டதா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவர் கேட்டது காதில் விழுந்தது, யோசித்துத்தான் சொன்னேன். சுற்றிலும் கூட்டம். நாத்தனாரைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஆமாம் என்றால், பூட்டிவிட்டுப் போனது வெளியே வரும், குழந்தையைப் பிடுங்கி அவளிடம் கொடுத்துவிடுவார்கள். தீ கீழேதான் இருந்தது. கூட்டம் அந்தப் பக்கம் திரும்பினதும் பின்படி வழியாக ஏறி, நானே தூக்கி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் தீயணைப்புக்காரர்கள் வந்து பின்படியைக் கயிறு கட்டி அடைத்துவிட்டார்கள். அப்போதும் சொல்லவில்லை. மூன்றாவது மாடி ஜன்னல் கண்ணாடி உள்ளிருந்து கறுத்ததைப் பார்த்த பிறகுதான் சாவியை நீட்டினேன்.

முதலில் போனவர் பட்டாணி, பட்டாணி என்று கூப்பிட்டுக்கொண்டே தேடியிருக்கிறார். நான்தான் பேரைச் சொல்லி அனுப்பினேன். யாரும் இல்லை என்று திரும்பி வந்தார். கட்டிலுக்கு அடியில், பெட்டிக்குப் பின்னால் பாருங்கள் என்று அடுத்தவரிடம் சொன்னேன். அவர் தூக்கிக்கொண்டு வந்தார். உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. முகத்தைக் கைக்குள் வைத்தபடி இருந்தாள், சொல்லிக் கொடுத்த மாதிரியே.

நாத்தனார் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "நான் கேட்டுட்டேதானே இருந்தேன் அண்ணி. என்கிட்டக் குடுத்திருக்கலாமே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். அந்த நிலையில் இருந்தவளிடம் அதற்குப் பதில் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்கிறேன். அவளிடம் விட்டிருந்தால் பட்டாணி இன்றைக்கு இருந்திருப்பாள். குதித்திருப்பாள், வாய் ஓயாமல் பேசியிருப்பாள், அவளை அம்மா என்று கூப்பிட்டிருப்பாள்.

என்னிடம் வந்த பிறகு அவள் வேறு யாரையும் அப்படிக் கூப்பிடவில்லை.