பேஷண்ட்கூட வந்தவள்

தே-உன்னுக்குப் பூவன் பழம் பிடிக்கும், மேடம். ரஸ்தாளி கொடுத்தால் மாவு மாதிரி இருக்கிறது என்பார். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு பூவன் பழம், கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். பழம் வாங்குவதெல்லாம் மொழிபெயர்ப்பாளர் வேலையா என்று கிளப்பில் கேலி செய்தார்கள். நான் காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்கிய மருதையின் மகள். எந்தச் சீப்பு எப்போது கனியும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். வயிற்றில் பழம் இருந்தது என்று உங்கள் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் இருக்கும். பழத்தைச் சந்தேகப்பட வேண்டாம்.

மற்றதையும் சொல்கிறேன். டாக்டர் ஸ்ரீரங்கராஜன் ஸ்டேஷனில் உங்கள் அறையிலிருந்து வெளியே போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டிவியில் தே-உன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்திருப்பார். அவர் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் அவருக்குப் பாதிதான் தெரியும்.

நீங்கள் கால்பந்து பார்ப்பதில்லை என்றீர்கள். இந்த வேலைக்கு வரும்வரை நானும் பார்த்ததில்லை. தே-உன் எங்கள் கிளப்பின் மிட்ஃபீல்டர். நடுவில் நிற்பவர். பின்னால் இருப்பவனிடம் பந்தை வாங்கி, திரும்பி, முன்னால் இருப்பவனுக்குக் கொடுப்பார். கோல் போடுகிறவன் பெயர் பேப்பரில் வரும், இவர் பெயர் வராது. கொரியாவில் குன்சான் என்கிற துறைமுக ஊர். அப்பா மீன்பிடிப் படகில் போனவர் திரும்பவில்லை. தங்கை சோ-ராவை வளர்த்தது இவர்தான். கொரியாவில் முதல் டிவிஷனில் ஆடியிருக்கிறார். ஒரே ஒரு தடவை தேசிய அணிக்குக் கூப்பிட்டார்கள். பெஞ்சில் உட்கார்த்தி வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அங்கே எல்லா ஆண்களும் பட்டாளத்துக்குப் போய் வர வேண்டும். போய் வந்து பார்த்தால் இவர் இடத்தில் ஒரு சின்னப் பையன். பிறகு தாய்லாந்து, மலேசியா, கடைசியாகத் திருச்சி. எந்த ஊருக்குப் போனாலும் புல் ஒன்றுதான் என்பார். எங்கள் மைதானத்தில் புல்லே கிடையாது என்றேன். சிரித்தார்.

நான் எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். கொரிய மொழியைப் போனில் நாடகம் பார்த்துப் பழகி, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி ஆபீஸில் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். துறையூர்ப் பெரியப்பா வரும்போதெல்லாம் கேட்பார்: “ஏம்மா ஜோதி, அந்த பாஷையில மாப்ள பாக்கறதா, இல்ல நம்ம பாஷையிலயே பாக்கறதா?” எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு கிளப்புக்கு ஒரு கொரியாக்காரர் வந்தார். இந்த ஊரில் மொழிபெயர்க்க என்னை விட்டால் ஆளில்லை. என்னை விட்டால் ஆளில்லை என்கிற ருசி உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை, மேடம். உங்களைப் பார்த்தால் பெரிய வீட்டுப் பெண் மாதிரி இருக்கிறது.

கோச் பீமராவ் கத்துவார். “அவன்கிட்ட சொல்லும்மா, பந்தை என்ன கல்யாணமா பண்ணிக்கப் போறான், சீக்கிரம் குடுக்கச் சொல்லு.” தே-உன் பதிலுக்கு நீளமாகப் பேசுவார். அதில் பாதி கோபம். “சரிங்கறாரு கோச்” என்பேன்.

“சரிங்கறதுக்கா இவ்வளவு நேரம் பேசினான்?”

“மீதியெல்லாம் மரியாதை கோச்.”

கேலரியிலிருந்து, “யோவ் கொரியா, கோல் போடக் கூட்டியாந்தா பூப்பறிச்சுக்கிட்டு நிக்கற” என்பார்கள். உங்களைத்தான் பாராட்டுகிறார்கள் என்பேன். கையைத் தூக்கிக் கும்பிடுவார். ஸ்ரீரங்கத்தில் ரெங்கநாயகி மாமி வீட்டு மாடியில் குடியிருந்தார். மாமி என்னைக் கூப்பிட்டு, “ஏன்டி, மாடியில அந்தப் பிள்ளை என்னத்தை ஊறப் போட்டிருக்கான்? ஊறுகாய்னா இப்படியா நாறும்?” என்றார். மாமிக்கு ருசி பார்க்க ஆசை என்று அவரிடம் சொன்னேன். ஒரு பாட்டில் நிறைய முட்டைக்கோஸ் ஊறுகாயோடு மாமி வாசலில் போய் நின்றார். அந்த முகத்தைப் பார்த்து மாமியால் திட்ட முடியவில்லை. வாங்கி வைத்துக்கொண்டார். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. நடுவில் நான் இருந்தேன்.

ஒரு நாள் பஸ்ஸில் சொன்னார்: “நீயும் நானும் ஒரே வேலை செய்கிறோம், ஜோதி. வாங்கி, சிந்தாமல் கொடுக்கிறோம்.” நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகிறேன் என்று அவருக்குத் தெரியக் கூடாது. என்னை யாரும் அதுவரை தனக்குச் சமமாக வைத்துப் பேசியதில்லை.

காலையில் அம்மா மண்டபம்வரை ஓடுவார். நான் ஸ்கூட்டியில் பின்னால் போவேன். ஒரு நாள் படித்துறையில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பூக்கார அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்தது. எழுந்ததும், கிளப்புக்குத் தெரிய வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். ஆட்டோவில் போகும்போது பாலத்தைப் பார்த்தபடியே சொன்னார்: “இனி ஆட முடியாது என்றால் இன்றைக்கே விமானம் ஏறிவிடுவேன். சோ-ரா மீன் கடைக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை வைத்திருக்கிறாள்.” இதைக் காரணமாக எழுதிக்கொள்ளாதீர்கள். ஆட்டோவில் என்ன பேசினோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். நர்ஸ் கதவைத் திறந்து, “பேஷண்ட்கூட வந்தவங்க யாரு? நீங்க மட்டும் உள்ள வாங்க” என்றது. பேஷண்ட் வெளியே நாற்காலியில். நம் ஊரில் அப்படித்தானே.

“நீங்க அவருக்கு என்னம்மா வேணும்?” என்று டாக்டர் ஸ்ரீரங்கராஜன் கேட்டார்.

“இங்க அவருக்கு எல்லாம் நான்தான் சார்.”

அப்படிச் சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“ஹார்ட்ல தசை தடிச்சிருக்கு. பிறவியிலயே வர்றது. நடக்கலாம், சமைக்கலாம், கல்யாணம் பண்ணிக்கலாம். ஓடக் கூடாது. கிரவுண்டுப் பக்கமே போகக் கூடாது. மெட்ராஸ்ல பெரிய டாக்டரைப் பாக்கணும், தேவைன்னா உள்ள ஒரு மெஷின் வைப்பாங்க. பாஷை தெரியாத ஊர்ல இருக்கார், பயந்துடப் போறார். நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்கம்மா.”

ஃபைலை என் கையில்தான் கொடுத்தார். வெளியே வந்தேன். தே-உன் எழுந்து நின்றார், பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையன் மாதிரி. உடம்பில் உப்புக் குறைந்திருக்கிறது, இந்த ஊர் வெயில் அப்படி, இரண்டு நாள் ஓய்வு எடுத்தால் போதும் என்று சொன்னேன். சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அவ்வளவு அழகாக அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பைக் கொடுத்தது நான்.

என் அப்பாவுக்கும் இப்படித்தான் செய்தோம். ஈரலில் கட்டி. அப்போதும் டாக்டர், “படிச்ச புள்ள யாரு?” என்று கேட்டு என்னைத்தான் உள்ளே கூப்பிட்டார். அப்பாவிடம் அல்சர் என்றேன். அம்மா இருசம்மாள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “நீ செத்துப் போவன்னு ஒரு மனுசன் மூஞ்சியப் பாத்து எவடி சொல்லுவா?” அப்பா யார் வந்தாலும், “ஜோதி படிச்ச புள்ள, அது சொன்னா சரியாத்தான் இருக்கும். அடுத்த வருசம் சமயபுரத்துக்கு நடந்தே போறேன்” என்பார். நம்பிக்கையோடு போனார். ஊரே என்னைப் பாராட்டியது. அன்றைக்கு யாரும் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை.

அப்பாவுக்கு மருந்து இல்லை, இவருக்கு ஓடாமல் இருந்திருந்தாலே போதும் என்பீர்கள். வித்தியாசம் தெரியாத முட்டாள் இல்லை நான். சீசன் முடிய இன்னும் சில ஆட்டங்கள்தான் பாக்கி. அது முடியட்டும், நானே மெட்ராஸ் கூட்டிப் போகிறேன் என்று நினைத்தேன். அவரிடமிருந்து பந்தைப் பிடுங்கினால் அவரிடம் வேறு என்ன இருக்கிறது? ஒரு மீன் கடை அறை. நான் அவருக்காக யோசித்தேன்.

பத்து நாள் கழித்து மார்பு இறுக்குகிறது என்றார். டாக்டரிடம் இன்னொரு தடவை கேள் என்றார். அவர் எதிரிலேயே போனை எடுத்தேன். அம்மாவுக்குப் போட்டேன்.

“வணக்கம் டாக்டர்” என்றேன்.

“யாருடி டாக்டரு? சாப்டியா நீ?”

“அவருக்கு நெஞ்சு கொஞ்சம் இறுக்கமா இருக்காம் சார்.”

“எவருக்குடி? என்னடி ஒளற்ற? கடையில கருவாடு வாங்கிட்டு வான்னு காலைலயே சொன்னேன்.”

“சரிங்க சார். வாங்கிக் குடுத்துடறேன்.”

போனை வைத்துவிட்டு, தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து குடிக்கச் சொல்கிறார் என்றேன். அவர் இரண்டு கையையும் சேர்த்து, நம் ஊர்ப் பாணியில், போனைப் பார்த்துக் கும்பிட்டார். அன்று மாலை கருவாடு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா வேறொன்றும் கேட்கவில்லை.

கடைசி ஆட்டம் உங்களுக்குத் தெரியும். நடுவட்டத்தில் பந்தை வாங்கினார். திரும்பினார். வலது ஓரத்தில் ஓடியவனுக்கு ஒரு பாஸ் கொடுத்தார். புல் இல்லாத அந்தத் தரையில் அது கோடு போட்ட மாதிரிப் போனது. கோல். எல்லோரும் கோல் போட்டவனிடம் ஓடினார்கள். கேலரி எழுந்து ஆடியது. நான் மட்டும் தே-உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எப்போதும் அவரைத்தான் பார்ப்பேன். அவர் உட்கார்ந்தார். பிறகு படுத்துக்கொண்டார்.

நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். என் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். பீமராவ் மூச்சு வாங்கியபடி வந்து, “என்னம்மா சொல்றான், என்ன வேணுமாம்?” என்று கேட்டார்.

“உப்புத் தண்ணி கேக்கறாரு கோச்.”

இந்த ஊரில் நான் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் அவருக்காக மொழிபெயர்த்தது அதுதான்.

சோ-ரா வந்த அன்று இந்த அறையில் நீங்களே என்னை நடுவில் உட்கார வைத்தீர்கள், வேறு ஆள் இல்லை என்று. தன் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று முன்பே யாருக்காவது தெரியுமா என்று அவள் கேட்டாள். நீங்கள், “என்ன கேக்கறாங்க?” என்றீர்கள். அண்ணன் சந்தோஷமாக இருந்தாரா என்று கேட்கிறார் என்றேன். அவளிடம், அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அது உண்மைதானே. அவள் என் இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அண்ணன் போனில் எப்போதும் உன்னைப் பற்றித்தான் பேசுவான், நீ இருக்கிறாய் என்றுதான் நான் பயமில்லாமல் இருந்தேன் என்றாள். அதை உங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை. அது எனக்குச் சொன்னது.

தெரிந்தே சொல்லாமல் இருந்தேன். கேட்டபோது பொய் சொன்னேன். ஓட விட்டேன். அவர் செத்தது என்னால். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம். சோ-ராவிடம் இதைச் சொல்ல சென்னையிலிருந்து யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளரை வரவழைக்கிறீர்களாம். வேண்டாம், மேடம். முன்பின் தெரியாத ஆள், போட்டு உடைத்துவிடுவார். அந்தப் பெண் தாங்க மாட்டாள். என்னை ஐந்து நிமிஷம் அவளிடம் அனுப்புங்கள். நான் பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன்.