அசல் ஊசி

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஊசியை உடனே போடக்கூடாது. அரை மணி நேரம் மேசையில் வைத்து, குளிர் விட்ட பிறகுதான் போடவேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. பிறகு எரிகிறது, கடுக்கிறது என்று மருந்தைத் திட்டுவார்கள். நான் ஒரு தடவைகூட அந்தப் பிழையைச் செய்ததில்லை. மொழிபெயர்க்க வந்திருக்கும் தங்கை இதை விடாமல் உங்களுக்குச் சொல்லவேண்டும், ஐயா. என் மனைவி அக்னெஸுக்கு நான் கவனமாகத்தான் ஊசி போட்டேன்.

அவளுக்குக் குடலில் புண். மாறாத வருத்தம், ஆயுளுக்கும் கூடவே வரும் நோய். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வயிற்றில் ஊசி போட்டால் அடங்கிக் கிடக்கும். நான் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கும் பகுதியில் வேலை. அந்த வேலையோடு வந்த காப்புறுதிதான் ஊசிக்குக் காசு கட்டியது. எங்கள் கையால் போனது சிறு பங்கு. பிறகு ஒருநாள் காப்புறுதிக்காரர், இனி அசலுக்குக் கட்டமாட்டோம், அதே வேலையைச் செய்யும் மாற்று மருந்துக்குத்தான் கட்டுவோம் என்று அறிவித்தார்கள். மாற்று மருந்து ஏறக்குறைய அரை விலை. அசல்தான் வேண்டுமென்றால் முழு விலையும் நம் தலையில். அது எங்கள் வீட்டு வாடகையைவிடக் கூட.

காப்புறுதிக்காரர் யாருடைய குடலையும் எட்டிப் பார்ப்பவர்கள் அல்லர், கணக்குப் பார்ப்பவர்கள். ஆனாலும் இதில் அவர்கள் சொன்னது சரி. அந்த மாதிரி மாற்று மருந்துகளைப் பெட்டியில் அடைத்துத்தான் நான் சோறு தின்கிறேன். எத்தனை சோதனை தாண்டி அவை என் கைக்கு வருகின்றன என்று எனக்குத் தெரியும்.

அக்னெஸுக்கு இது விளங்கவில்லை. விளங்கும் என்று எதிர்பார்த்தது என் மடமை. விலை குறைந்தால் வீரியமும் குறையும் என்று நம்புகிற குடும்பம் அது. சேலையையும் அப்படித்தான் வாங்குவார்கள், மருமகனையும் அப்படித்தான் பார்ப்பார்கள். மாற்று ஊசி இரண்டு போட்டதும் வயிறு எரிகிறது என்று ஊரைக் கூட்டினாள். லொங்குய்யில் வீடு வாங்கி, அதைப் பற்றியே கதைத்துத் திரியும் அவள் தம்பி ஜெனாட் உடனே வந்து இறங்கினான்.

"அத்தான், அக்காவுக்கு மலிவுச் சாமான் ஏத்தாதேங்கோ. காசு இல்லாட்டிச் சொல்லுங்கோ, நான் தாறன்," என்றான், என் வீட்டுக் கதிரையில் இருந்து என் வீட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டு.

"அவன் சொல்லுறதைக் கேளுங்கோவன்," என்றாள் அக்னெஸ்.

கேட்டேன். அவன் மாதாமாதம் அனுப்பிய காசை வாங்கினேன். முதல் மாதம் அசல் ஒரு பெட்டி வாங்கிப் போட்டேன். வெறும் பெட்டியை எறியாமல் வைத்துக்கொண்டேன். அடுத்த முறை மாற்று ஊசியை எடுத்து அந்தப் பெட்டிக்குள் வைத்து மேசைக்குக் கொண்டு வந்தேன். அக்னெஸ் ஊசியைப் பார்க்கமாட்டாள், பயம். கண்ணை இறுக மூடி மாதாவுக்கு அருள் நிறைந்த மந்திரம் சொல்லுவாள். அவள் சொல்லி முடிக்க முதல் நான் போட்டு முடித்துவிடுவேன். ஜெனாட்டின் மிச்சக் காசு வங்கியில் தனியாகக் கிடக்கிறது. ஒரு சதம் தொடவில்லை. நான் கள்ளன் இல்லை.

எரிவு போய்விட்டது. கோயில் விருந்தில் பக்கத்தில் இருந்த றோஸ்மேரிக்கு அக்னெஸ் பாடம் எடுத்தாள்: "அசல் எண்டா அசல்தான். உடம்புக்கு உடனே தெரியும்." நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சோறு போட்டுக்கொண்டேன். அப்போதுதான் யோசித்தேன், பெட்டியே வருத்தத்தை மாற்றுகிறதென்றால் உள்ளே மருந்து எதற்கு?

அடுத்த தடவையிலிருந்து வெறும் ஊசியில் உப்புத்தண்ணீரை நிரப்பிப் போட்டேன். அதையும் அரை மணி நேரம் வெளியே வைத்துத்தான் போட்டேன்.

ஜெனாட்டின் மகளுக்கு மே மாதம் முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். மண்டபம், கேக், இருநூறு பேர். அந்த இருநூறு பேருக்கு முன்னால் இதைச் சொல்வதென்று முடிவெடுத்தேன். உங்கள் அசல் இதுதான் என்று சொல்ல வேண்டும், அக்காவும் தம்பியும் முகத்தை எங்கே வைப்பார்கள் என்று பார்க்க வேண்டும். அதுவரை பொறுக்கலாம் என்று நினைத்தேன்.

சில கிழமை நன்றாகத்தான் இருந்தாள். பிறகு சட்டைகள் தோளில் தொங்கத் தொடங்கின. இரவில் காய்ச்சல். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு முனகுவாள், எனக்குக் கேட்காதாம். ஜெனாட் தொலைபேசியில் "எப்பிடி அக்கா, ஊசி வேலை செய்யுதோ?" என்றால், சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஓம் தம்பி, நல்ல சுகம்," என்பாள். டாக்டரிடமும் அதே பொய். மலிவு மருந்து எரிகிறது என்று இரண்டாம் ஊசியிலேயே கத்தியவள், விலை கூடிய மருந்து சரிவரவில்லை என்று சொல்ல வாயைத் திறக்கவில்லை. தம்பி காசு கட்டுகிறானே, குறை சொல்லலாமா?

ஒவ்வொரு முறையும் நான் கேட்டேன்: "வயிறு எப்பிடி?"

"ஒண்டுமில்லை. நீங்கள் போடுங்கோ."

குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் நல்ல ஊசி இருந்தது. சரிவரவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எடுத்துப் போட்டிருப்பேன். அவ்வளவு சின்ன விஷயம். பிடிவாதம் அவளுடையது.

விருந்துக்கு முந்திய கிழமை சமையலறையில் விழுந்தாள். குடல் வெடித்துவிட்டது என்றார்கள். அறுவைக்குக் கொண்டுபோக முன் என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, அந்த ஊசி எனக்குச் சரிவரேல்லை. தம்பியிட்டச் சொல்லிப் போடாதேங்கோ. பாவம், எவ்வளவு காசைக் கொட்டினவன்."

ஒருவழியாகச் சொன்னாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரு நிம்மதி வந்தது.

என்ன மருந்து எடுக்கிறார் என்று டாக்டர் கேட்டார். ஜெனாட் முந்திக்கொண்டு அசலின் பெயரைச் சொன்னான், விலையையும் சேர்த்து. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அங்கேயே சொல்லிவிட்டால் விருந்தில் சொல்ல என்ன இருக்கும்? அக்னெஸ் பிழைத்து வருவாள் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. விருந்தையும் நிறுத்திவிட்டார்கள். இருநூறு பேருக்குச் சொல்ல வைத்திருந்ததை இப்போது உங்கள் இரண்டு பேருக்குச் சொல்கிறேன்.

அவள் இரத்தத்தில் மருந்தே இல்லை என்றீர்கள். இருக்காது. ஐந்து மாதம் நான் உப்புத்தண்ணீர்தான் போட்டேன், அதனால்தான் செத்தாள். வாக்குமூலத்தில் அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

காப்புறுதிக்காரர் காசு கட்டிய அவளுடைய மாற்று ஊசிகள் கீழ்த்தட்டில் அப்படியே இருக்கின்றன. குப்பையில் போட்டுவிடாதீர்கள், ஐயா. நல்ல மருந்து. அசலுக்கு ஒரு துளியும் குறைவில்லை. அவளைக் காப்பாற்றியிருக்கும்.